செம்பனைத் தோட்டத்தில் பொறி வைக்கப் பழகுகிறவருக்கு

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் அவர் அப்பாவுக்கு 5 ஏக்கர் செம்பனை இருக்கிறது. எலி பழத்தைத் தின்கிறது, முள்ளம்பன்றி இளங்கன்றைக் கடித்துப் போடுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பொறி வைத்து நரி, பீவர், கஸ்தூரி எலி பிடித்துத் தோல் எடுக்கிறவர்களின் காணொளிகளை நிறையப் பார்த்திருக்கிறார். அந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் என்ன பாடம் படிக்கிறார்கள், அதில் நம்ம ஊருக்கு எது பொருந்தும், பிடித்ததன் தோலை விற்க முடியுமா என்பது கேள்வி. எஸ்டேட்டில் கண்டக்டர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எலிக் கணக்கெடுப்பும் பொறியும் மருந்தும் என் பொறுப்பில்தான் இருந்தன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நம்ம நாட்டில் அந்தத் தொழில் இல்லை, வரவும் வராது. குளிர்நாட்டு விலங்குகளுக்கு இலையுதிர் காலம் முடிந்து பனி இறங்கும் சமயத்தில்தான் அடிமயிர் அடர்ந்து வளரும். வியாபாரிகள் அந்தப் பருவத்துத் தோலுக்குத்தான் விலை கொடுப்பார்கள், கோடையில் பிடித்ததைச் சீந்தமாட்டார்கள். ஆண்டு முழுக்க வெயில் கொளுத்தும் பேராக்கில் அந்த மயிருக்கு எங்கே போவது? பிடித்த பிறகும் வேலை முடிவதில்லை. உடம்புச் சூடு ஆறும் முன் உரித்து, உள்பக்கக் கொழுப்பை ஒட்ட வழித்து, பலகையில் இழுத்து மாட்டி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். கொஞ்சம் சுணங்கினால் தோல் கெட்டு மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றுவிடும். குளிர் நாட்டிலேயே புதியவர்கள் பலர் கோட்டை விடுகிற இடம் இதுதான். நம்ம சூட்டில் காலையில் பிடித்தது மத்தியானத்துக்குள் நாறிவிடும். 1670ல் ஹட்சன் பே கம்பெனி தொடங்கிய காலத்தில் ஐரோப்பாக்காரர்களுக்குப் பீவர் மயிர்த் தொப்பி மேல் இருந்த மோகமும் இப்போது இல்லை. கஸ்தூரி எலித் தோல் ஒன்றுக்குச் சில டாலர்தான் கிடைக்கும். அந்தக் காணொளிக்காரர்கள் சிலருக்குத் தோலைவிடக் காணொளியில்தான் வரும்படி அதிகம் என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்தது சட்டம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அதாவது 716ஆம் சட்டப்படி, கண்ணி வைப்பதே குற்றம். கம்பிக் கண்ணியோ நைலான் கயிற்றுக் கண்ணியோ, பன்றிக்கு வைத்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கண்ணிக்கு ஆள் தெரியாது. பன்றிக்கு வைத்ததில் கரடி, தப்பிர், யானைக் குட்டி, புலி எல்லாம் மாட்டியிருக்கின்றன. மலாயாப் புலி இன்று காட்டில் 150கூட இல்லை. 2022ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தின் உச்சவரம்பைப் பத்து லட்சம் வெள்ளி வரை ஏற்றிவிட்டார்கள், சிறைக் காலமும் கூடியிருக்கிறது. காட்டுப்பன்றியைச் சுடவே வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானிடம் உரிமம் வாங்க வேண்டும். பூர்வகுடிகளான அஸ்லி மக்களுக்குத் தங்கள் சொந்தச் சாப்பாட்டுக்காகச் சில விலங்குகளைப் பிடிக்க விலக்கு உண்டு. அது அவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் குடியிருக்கும் லாசா பக்கம் போனால் அவர்கள் பிடிப்பதைப் பார்த்துவிட்டு நமக்கும் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே காணொளியில் பார்த்த கால்பிடிப் பொறியை இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்து வைக்க வேண்டாம். செம்பனைக்குள் சுற்றும் சிறுத்தைப் பூனை முழுப் பாதுகாப்பில் உள்ள விலங்கு, அழுங்கும் அப்படித்தான். அதிலும் சிறுத்தைப் பூனை உங்களுக்குச் சம்பளம் கேட்காத வேலையாள், அதன் முக்கியச் சாப்பாடே எலி. முள்ளம்பன்றிக்கும் பொறி வேண்டாம். கன்றின் அடியைச் சுற்றிக் கம்பி வலையை வளையமாக வளைத்து, கீழ்ப்பகுதியை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். கன்று பெரிதாகும் வரை அது தாங்கும். கூட்டமாக வந்து அழித்தால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

சரி, உங்களுக்கு மிச்சம் இருப்பது எலி. சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மலேசியச் செம்பனையில் எலியால் ஏற்படும் விளைச்சல் இழப்பை வழக்கமாக 5 முதல் 10 சதவீதம் என்று சொல்வார்கள். 5 ஏக்கர் என்பது 2 ஹெக்டேர். ஹெக்டேருக்கு ஆண்டில் 16 டன் குலை என்று வைத்தால் மொத்தம் 32 டன், அதில் 5 சதவீதம் 1.6 டன். அன்றைய குலை விலையால் பெருக்கிப் பாருங்கள். பால்மரக் காலத்தில் எலி நமக்கு ஒரு பெரிய பேச்சே இல்லை, ஏனென்றால் பால்மரக் காட்டில் அதற்குச் சாப்பாடு இல்லை. செம்பனை வந்தது, ஆண்டு முழுக்க விருந்து வந்தது. பழுத்தது, பழுக்காதது, உதிர்ந்தது எல்லாம் தின்னும். 1981ல் மகரந்தச் சேர்க்கைக்காகக் கேமரூனிலிருந்து கொண்டுவந்த வண்டின் புழுக்கள் ஆண் பூங்கொத்தில் வளர்கின்றன அல்லவா, அந்தப் புழுவுக்காகப் பூங்கொத்தையும் பிய்த்துப் போடும். வெட்டிய மட்டையை வரிசைக்கு நடுவில் அடுக்கி, குடியிருக்க வீடும் நாமே கட்டிக் கொடுக்கிறோம்.

இனி அந்தக் குளிர்நாட்டுப் பாடங்களுக்கு வருகிறேன். அங்கே அனுபவசாலிகள் புதியவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போவது ஒன்றுதான்: பொறியும் மருந்து வாசனையும் பிறகு, முதலில் விலங்கு போகிற இடத்தைப் பார். புதியவர்களோ கடையில் கிடைக்கும் வாசனைக் குப்பிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, கார் நிறுத்த வசதியான இடத்தில் பொறி வைப்பார்கள். விலங்கு அந்தப் பக்கமே வராது. நம்ம ஊரிலும் ரோட்டோரத்து முதல் வரிசை மரத்தடியில் பொறி வைத்துவிட்டு "எலியே இல்லை அண்ணே" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொறி வாங்கும் முன் ஒரு காலைப் பொழுதை எடுத்துக்கொண்டு 5 ஏக்கரையும் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். ஏக்கருக்கு 55 முதல் 60 மரம் என்றால் உங்களிடம் 300க்குள்தான் இருக்கும், எல்லா மரத்தையும் பார்த்துவிடலாம். குலையில் கடி இருக்கிறதா, அது புதுக் கடியா பழைய கடியா என்பதுதான் கேள்வி. புதுக் கடியில் சதை ஈரமாக, நிறம் மாறாமல் இருக்கும், பல் தடம் தெளிவாகத் தெரியும். பழையது காய்ந்து பழுப்பாகியிருக்கும். பழைய கடியை எண்ணிக் கணக்கில் சேர்த்தால் இல்லாத எலியைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் மட்டை அடுக்கின் ஓரத்தில் குனிந்து பாருங்கள். கடித்துப் போட்ட பழக்கொட்டையும் நாரும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் அது எலி உட்கார்ந்து சாப்பிடும் இடம். அங்கிருந்து மரத்தடிக்குப் புல்லுக்குள் இரண்டு விரல் அகலத்தில் தேய்ந்த தடம் போகும். பொறி அந்தத் தடத்தில்தான் உட்கார வேண்டும், வாய் தடத்தைப் பார்த்தபடி. வாய்க்கால் கரையும் நல்ல இடம். ஸ்டோரிலோ வீட்டிலோ என்றால் சுவர் ஓரம். எலி வெட்டவெளியில் நடக்கக் கூசும், மீசை எதிலாவது உரசிக்கொண்டே ஓடுவதுதான் அதற்குப் பழக்கம்.

இரண்டாவது பாடம் பொறி ஆடக் கூடாது. நரி பிடிக்கிறவர்கள் பொறியை மண்ணில் பதிக்க எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். நாலா பக்கமும் மண்ணை இறுக்கி, விரலால் அழுத்திப் பார்த்து, அசைவு இல்லையென்றால்தான் மேலே சலித்த மண்ணைத் தூவுவார்கள். கால் வைத்தவுடன் அசைந்தால் நரி விலகிவிடும், இல்லாவிட்டால் பொறியைத் தோண்டி வெளியே போட்டுவிட்டுப் போகும். எலிக்கூண்டுக்கும் அதேதான். மேடு பள்ளத்தில் வைத்த கூண்டு எலி ஏறியதும் கிடுகிடு என்று ஆடும், எலி பின்வாங்கிவிடும். தரையைச் செதுக்கிச் சமமாக்கி, கூண்டின் கம்பித் தளம் தெரியாதபடி கொஞ்சம் மண்ணும் சருகும் போடுங்கள். ஒரு துண்டுக் கம்பியால் மட்டையோடு கட்டியும் வையுங்கள். உடும்போ நாயோ கூண்டை உருட்டிக்கொண்டு போய் வாய்க்காலில் தள்ளிவிடும்.

மனித வாடை பற்றி அவர்கள் பேசுவதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறியைக் காய்ச்சி, சாயம் ஏற்றி, மெழுகு பூசி, கையுறையோடு தொடுவதெல்லாம் நரிக்கும் கொயோட்டிக்கும். தோட்டத்து எலி அவ்வளவு பார்க்காது. வீட்டையும் கடையையும் சுற்றும் எலிதான் புதுப் பொருளைக் கண்டால் பல நாள் ஒதுங்கும். அதற்குக் கதவைக் கட்டித் திறந்து வைத்து, உள்ளே தீனியை மட்டும் போட்டு, தின்றுவிட்டுப் போகப் பழக்கிவிட்டு, அப்புறம் பொறியைப் பூட்ட வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு இது பிடிக்காது. ஏற்கெனவே எலி பிடித்த கூண்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் தேவையில்லை, எலி வாடை இருந்தால் நல்லதுதான். தண்ணீரில் அலசி நல்ல வெயிலில் காயப் போட்டால் போதும். கிருமிக்கும் வெயில் ஆகாது.

தீனிக்கு என்ன வைப்பது? கடைப் பேச்சில் கருவாடு, நெத்திலி, சுட்ட தேங்காய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். வீட்டுக்கு அவை சரி. தோட்டத்தில் கருவாடு வைத்தால் உடும்பும் பூனையும் தெருநாயும்தான் முதலில் வரும். புதிதாக உதிர்ந்த செம்பனைப் பழமே போதும், எலி ஆராய்ச்சி செய்கிறவர்களும் பல சமயம் அதைத்தான் வைக்கிறார்கள். கொக்கியில் இறுகக் குத்துங்கள். தளர்வாக வைத்தால் கதவு விழாமலே பழம் போயிருக்கும். தினம் மாற்றுங்கள், எறும்பு மொய்த்த பழத்தை எலி தொடாது.

எத்தனை பொறி? அங்கே புதியவர்கள் முதல் பருவத்திலேயே நூற்றுக்கணக்கில் வாங்கி, பார்த்து முடிக்க நேரம் இல்லாமல் திணறுவார்கள். தினம் போய்ப் பார்க்க முடிகிற அளவுக்குத்தான் வைக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். உங்களுக்குத் தொடக்கத்தில் ஒரு டஜன் கூண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, மேலே இருக்கும் மட்டையில் சிவப்பு நாடா கட்டுங்கள். செம்பனைக்குள் எல்லா மரமும் ஒரே மாதிரி, அடையாளம் இல்லாமல் வைத்த கூண்டை அடுத்த வெட்டுக்கு வரும் ஆள்தான் கண்டுபிடிப்பார்.

இதைவிட முக்கியமானது நேரம். எலி இரவில் நடமாடும், அணிலும் மரமூஞ்சூறும் பகலில். அதனால் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குப் பொறியைப் பூட்டுங்கள், விடிந்ததும் பார்த்துக் கதவை மூடிவிடுங்கள். பகலிலும் திறந்து கிடந்தால் வேண்டாதது எல்லாம் மாட்டும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, கட்டெறும்பும் மொய்த்து, கூண்டுக்குள் இருப்பது துடித்துச் சாகும். வேறு ஏதாவது மாட்டியிருந்தால் கூண்டை ஒரு சாக்கால் மூடி, கதவைக் குச்சியால் தூக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தானே போய்விடும். பசைப் பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். பல்லி, அரணை, குருவி, பாம்புக் குட்டி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது, கடையில் எவ்வளவு மலிவாக விற்றாலும் சரி.

விடிகாலையில் கூண்டைக் கையால் தூக்காதீர்கள். எலி வாடைக்குப் பாம்பு வரும். நம்ம பக்கத்துக் கருநாகம் விஷத்தைக் கண்ணைப் பார்த்துத் துப்பக்கூடியது. நீளக் கொக்கி ஒன்று, டார்ச் லைட், முட்டி வரை ரப்பர் பூட்ஸ், கண்ணுக்கு ஒரு கண்ணாடி. முதலில் சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், அப்புறம் கொக்கியால் இழுங்கள். மலைப்பாம்பு கூண்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தால் வீரம் காட்டாமல் பொதுத் தற்காப்புப் படையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள்.

பிடித்த எலியை என்ன செய்வது என்பதை எந்தக் காணொளியும் ஒழுங்காகக் காட்டுவதில்லை. கூண்டோடு வாளியில் அமுக்குவதுதான் நம்ம வழக்கம். அது மெதுவான சாவு. கனமான சாக்குக்குள் இறக்கி, தரையில் வைத்துப் பின்தலையில் ஒரே அடியாக முடித்துவிடுவது மேல். அது முடியாது என்கிறவர்கள் கூண்டை விட்டுவிட்டு, நல்ல ஸ்பிரிங் உள்ள அடிப்பொறியை ஒரு பெட்டிக்குள் வைக்கலாம். பெட்டிக்கு எலி நுழையும் அளவு ஓட்டை மட்டும் இருந்தால் கோழியும் பூனையும் தப்பும். பாவம் என்று பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டால் சில நாளில் திரும்பி வரும், திரும்பாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் வருவார்.

கையுறை இல்லாமல் எலியையோ கூண்டையோ தொடாதீர்கள். எலிச் சிறுநீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், நம்ம ஆட்கள் 'கென்சிங் தீகூஸ்' என்று சொல்வது, 2010 முதல் மலேசியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், கால் வெடிப்பு வழியாகக்கூட ஏறும். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். அப்படி வந்தால் பெனடால் போட்டுக்கொண்டு படுக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். "நான் எலி பிடிக்கிறேன்" என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டிங்கி என்று நினைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. சீக்கிரம் பார்த்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்திலேயே அடங்கும். செத்த எலியை ஆழமாகப் புதையுங்கள், வாய்க்காலில் எறியாதீர்கள்.

நல்ல தோல் வேட்டைக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். நீங்களும் எந்தப் பொறி, எந்த நாள், என்ன மாட்டியது என்று எழுதுங்கள். எலியின் வயிற்றைப் பாருங்கள். வெள்ளை வெளேர் என்று இருந்தால் அது செம்பனையில் மரமேறும் மர எலி. வெள்ளி கலந்த சாம்பல் என்றால் வயல் எலி, புல் அடர்ந்த இளந்தோட்டத்தில் அதிகம். முதுகு மாதிரியே வயிறும் பழுப்பாக இருந்தால் வீட்டெலி, இப்போதெல்லாம் அதுவும் செம்பனைக்குள் குடியேறிவிட்டது. குட்டியாகவே மாட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் ஈன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். சினைக் காலம் மூன்று வாரம்தான்.

இதிலிருந்து பொறியின் எல்லையும் புரியும். செம்பனையில் எலி ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் இருக்கக்கூடும். நீங்கள் காலி செய்த இடத்துக்குப் பக்கத்து நிலத்து எலி வந்துவிடும். வீட்டைச் சுற்றியும், ஸ்டோரிலும், இளங்கன்று நட்ட மூலையிலும் பொறி நன்றாக வேலை செய்யும். 5 ஏக்கர் முழுவதையும் பொறியால் மட்டும் காப்பாற்ற முடியாது. எஸ்டேட் கணக்கு இது: புதுக் கடி 5 சதவீத மரத்தைத் தாண்டினால் மருந்துக் கட்டி போட வேண்டும். உங்கள் 300 மரத்தில் 15. மரத்துக்கு ஒரு கட்டி, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை தின்னப்பட்டதற்கு மட்டும் மாற்றுக் கட்டி. புதிதாகத் தின்பது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடலாம். தொடக்கத்திலேயே புதுக் கடி உள்ள மரம் 15க்குக் கீழே என்றால் மருந்து வேண்டாம், பொறியோடு இருங்கள்.

மருந்து வாங்கும்போது கடைக்காரர் "இது ஒரே கடியில் முடிக்கும்" என்று புரோடிஃபக்கூம் கலந்ததை நீட்டுவார். அதைத் தின்று மயங்கித் திரியும் எலியைக் கூகை ஆந்தை பிடித்தால் கூகையும் சாகும். கூகைக் குடும்பம் ஒன்று குஞ்சுகளோடு சேர்த்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலி தின்னும் என்பது எஸ்டேட்டுகளில் புழங்கும் கணக்கு. எந்தப் பொறிக்காரனும் அதற்கு ஈடில்லை. அலறினால் சாவு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் முணுமுணுப்பார்கள், அது எலிக்குத்தான். கூகை கூடு கட்ட வைக்கும் பெட்டி ஒன்றுக்கு 5 முதல் 10 ஹெக்டேர் என்பது வழக்கம், உங்கள் 2 ஹெக்டேருக்குத் தனியாக வைப்பதில் பொருள் இல்லை. சுற்றியுள்ள நாலைந்து நிலக்காரர்கள் சேர்ந்து வையுங்கள், மருந்தும் ஒரே சமயத்தில் போடுங்கள். செம்பனை வாரியத்தில் சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லவே 'துனாஸ்' அதிகாரிகள் இருக்கிறார்கள், காசு வாங்கமாட்டார்கள். பெட்டிக்குச் செலவு செய்யும் முன் அக்கம்பக்கத்தார் எந்த மருந்து போடுகிறார்கள் என்று டப்பாவை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.